செக்கு நல்லெண்ணெயில் சாலட் டிரெஸ்ஸிங்: நான் எண்ணெய் வாங்கும் கடையைப் பற்றி

கோவையில் மருதமலை ரோட்டில், வடவள்ளி தாண்டி ஒரு சின்ன மரச்செக்குக் கடை இருக்கிறது. பெரிய போர்டெல்லாம் கிடையாது. முன்பக்கம் கல்லாவும் ஒரு அலமாரியும், பின்பக்கம் மோட்டாரில் ஓடும் இரண்டு செக்கு, அவ்வளவுதான். சமையலுக்கு அங்கே எண்ணெய் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நான் வாங்குவது முக்கியமாகச் சாலட் டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது பச்சைக் காய்கறி மேல் ஊற்றும் எண்ணெய், எலுமிச்சைக் கலவைக்கு. அந்த ஒரு வேலைக்கு இந்தக் கடை நல்லெண்ணெய் எப்படி, கடலை எண்ணெய் எப்படி, எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காந்திபுரம் பக்கத்து அலுவலகங்களுக்கு மதிய டப்பா கொடுக்கிறேன். சாப்பாட்டு டப்பாவோடு ஆரம்பித்தது. இப்போது சாலட் டப்பா மட்டும் தினம் இருபதுக்குக் குறையாமல் போகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். முதலில் காய்கறி, அப்புறம் பருப்பு, கடைசியாகச் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது என்று டாக்டர்களே இப்போது சொல்கிறார்கள். ஆனால் வெறும் வெள்ளரியும் முட்டைக்கோஸும் கேரட்டும் தினமும் யாரால் சாப்பிட முடியும்? டிரெஸ்ஸிங் நன்றாக இருந்தால் டப்பா காலியாகத் திரும்பி வரும். நன்றாக இல்லாவிட்டால் கேரட் துருவல் அப்படியே வரும். அதைக் கொட்டும்போது மனசு வலிக்கும்.

டிரெஸ்ஸிங்கில் எண்ணெய் சூடு படுவதே இல்லை. நம் சமையலில் எண்ணெயைக் காய வைக்கிறோம், கடுகு வெடிக்கிறது, கறிவேப்பிலை பொரிகிறது, அந்த மணத்தில் சுமாரான எண்ணெயும் மறைந்துவிடும். இங்கே மறைய இடமில்லை. நாக்கில் நேராகப் படுவது எண்ணெய்தான். நம் ஊரில் இன்னொரு இடத்தில் மட்டும்தான் எண்ணெயைப் பச்சையாக இப்படி நம்பிச் சாப்பிடுகிறோம்: இட்லிப் பொடியில். இட்லிப் பொடிக்கு எந்த நல்லெண்ணெயை மனசார ஊற்றிக்கொள்வீர்களோ, அதைத்தான் சாலட்டிலும் ஊற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஆலிவ் எண்ணெயில் செய்யாமல் ஏன் நல்லெண்ணெய் என்று வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பச்சைப் புல் வாசமும் தொண்டையில் லேசான காரமும் உள்ள அந்த எண்ணெய் கிடைத்தால் கொண்டாடலாம். ஆனால் நமக்கு வருவது பெரும்பாலும் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இருந்து கப்பலில் ஏறி, கிடங்கில் கிடந்து, கடை அலமாரி விளக்கு வெளிச்சத்தில் நின்றுவிட்டு வருவது. ஆலிவ் எண்ணெயில் புதுசுதான் பெரிய குணம். அது பயணத்திலேயே பாதி போய்விடுகிறது. விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கிற பாட்டிலில் சின்ன எழுத்தில் 'போமஸ்' என்று இருக்கும். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கையிலிருந்து கரைப்பான் வைத்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய் அது. வறுக்க, பொரிக்கச் சரி, சாலட்டில் அதற்கு ஒரு ருசியும் கிடையாது. அந்தக் காசுக்குப் போன வாரம் ஆட்டிய நல்லெண்ணெய் கிடைக்கிறபோது நான் எதற்கு அதை வாங்க வேண்டும்?

சரி, கடைக்கு வருகிறேன்.

எனக்கு முதலில் பிடித்தது, பாட்டிலில் ஆட்டிய தேதியை எழுதி ஒட்டுவது. பேக் செய்த தேதி எல்லாரும் போடுகிறார்கள். ஆட்டிய தேதி போடுகிறவர்கள் குறைவு. செக்கு எண்ணெய் ஆட்டியவுடன் கலங்கலாக இருக்கும். பாத்திரத்தில் வைத்து இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு மேலாக வடித்து எடுக்க வேண்டும். ஒரு தடவை அவசரமாகப் போய் நின்றபோது கடைத் தம்பி சொன்னார், "அக்கா, இது நேத்து ஆட்டுனதுங்க. தெளியறதுக்கு இன்னும் ரெண்டு நாளாகும். அவசரம்னா போன வாரத்து பாட்டில் இருக்குதுங்க, அதக் கொண்டு போங்க." கலங்கலைக் கொடுத்து 'அதுதான் சத்து' என்று கதை சொல்லாமல் இருந்தாரே, அதற்காகவே அந்தக் கடையைப் பிடித்துக்கொண்டேன். கசடு அடியில் தங்கினால் எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். டிரெஸ்ஸிங்கில் அது முதல் வாயிலேயே தெரியும்.

எள்ளைக் காட்டச் சொன்னால் காட்டுகிறார். கறுப்பு, வெள்ளை, பழுப்பு எல்லாம் கலந்த எள்தான், கல் மண் இல்லாமல் புடைத்து வைத்திருக்கிறார்கள். ஆட்டும்போது நடுவில் கருப்பட்டி சேர்க்கிறார்கள். எள்ளிலிருந்து எண்ணெய் பிரிந்து வர அது உதவுகிறது. எண்ணெய்க்கு அது ஒரு மெல்லிய வாசமும் தருகிறது. அந்த வாசம் எலுமிச்சையோடு சேரும்போது அபாரமாக இருக்கும். கருப்பட்டிக்குப் பதில் மலிவாகக் கழிவு வெல்லத்தைக் கொட்டுகிற இடமும் உண்டு. அதில் ஆட்டிய எண்ணெயைப் பச்சையாக நக்கிப் பார்த்தால் தித்திப்பில்லாத ஒரு கருகல் நெடி வரும். இந்தக் கடை எண்ணெயில் அது எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

விலை. நான் கடைசியாக வாங்கியபோது நல்லெண்ணெய் லிட்டர் 420 ரூபாய், அரை லிட்டர் 215. கடலை எண்ணெய் லிட்டர் 280. அதிகம் என்று தோன்றுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமாராக இரண்டரைக் கிலோ எள் போகும். நல்ல எள் கிலோ என்ன விலை என்று மளிகைக் கடையில் கேட்டுக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், எள் விலைக்கும் கீழே யாராவது 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' விற்றால் அந்தப் பாட்டிலில் எள் எண்ணெய் மட்டும் இருக்க வழியில்லை. முன்பு வேறொரு இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டிருந்தேன். சமையலில் ஒன்றும் தெரியவில்லை. சாலட்டில் ஊற்றிய அன்று, பாமாயிலில் எள் வாசனை தெளித்த மாதிரி நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டியது. டப்பாவெல்லாம் பாதி பாதியாகத் திரும்பி வந்தன.

நம் பாத்திரத்தை நீட்டினால் ஊற்றித் தரமாட்டார்கள். சமையல் எண்ணெயை உதிரியாக விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கடைத் தம்பி அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார். நாமே எள் வாங்கிக்கொண்டு போனால் கூலிக்கு ஆட்டித் தருகிறார், கருப்பட்டியும் நாமே கொண்டு போகலாம். ஆனால் செக்கை ஒரு தடவை நிரப்பும் அளவுக்காவது எள் வேண்டும். கூட்டுக் குடும்பமாக இருந்தால், அல்லது அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்தால் இது நல்ல வழி. எனக்குப் பாட்டில்தான் தோது.

இப்போது எண்ணெய்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நல்லெண்ணெய்க்குத்தான் முதல் இடம். இந்தக் கடை நல்லெண்ணெய் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். நக்கினால் முதலில் எள், பின்னால் துளிக் கசப்பு, கடைசியில் அந்தக் கருப்பட்டி வாசம். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனா, கொரியா, ஜப்பான் சமையலில் வரும் கரும்பழுப்பு எள் எண்ணெய் வேறு. அது எள்ளை வறுத்துப் பிழிந்தது, வாசம் அதிகம், சில சொட்டு விட்டாலே போதும். நம்முடையது வறுக்காத எள்ளை ஆட்டியது. கரண்டி கரண்டியாக ஊற்றினாலும் திகட்டாது. அந்தக் குறிப்பில் 'சில துளி' என்று இருந்தால் நம் எண்ணெயில் சில துளி போதாது. நம் எண்ணெய் அளவுக்கு வறுத்த எண்ணெயை ஊற்றினால் சாப்பிட முடியாது.

இன்னொரு குணம், நல்லெண்ணெய் எளிதில் காறுவதில்லை. எள்ளில் இயற்கையாகவே உள்ள செசமின், செசமோலின் போன்ற பொருட்கள் எண்ணெய் கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நல்லெண்ணெய் உறையாமல் ஓடும். ஆலிவ் எண்ணெய் அப்படியில்லை, குளிரில் கெட்டியாகி வெள்ளை வெள்ளையாகத் திரளும். டிரெஸ்ஸிங் செய்து ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

கடலை எண்ணெய் இரண்டாவது. முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு, மாங்காய்த் துருவல், இவற்றோடு நன்றாகச் சேரும். தனியாக இலைகளுக்கு ஊற்றினால் வேர்க்கடலை வாசம் தூக்கலாக இருக்கிறது, அதனால் நல்லெண்ணெயோடு பாதிக்குப் பாதி கலக்கிறேன். கடலை எண்ணெயில் ஒரு விஷயத்தைக் கறாராகப் பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். தொழிற்சாலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு கிடையாது, ஆகவே கடலை நல்லதாக இருந்தே ஆக வேண்டும். சுருங்கினது, கறுத்தது, பூத்தது எல்லாவற்றையும் இந்தக் கடையில் உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். காலை நேரத்தில் போனால் தம்பியின் அம்மா முறத்தோடு இருப்பதைப் பார்க்கலாம். பொறுக்காமல் மூட்டையோடு செக்கில் கொட்டுகிற கடையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடலை எண்ணெய் வாங்காதீர்கள்.

தேங்காய் எண்ணெயைச் சமையலுக்கு வாங்கலாம், டிரெஸ்ஸிங்குக்கு வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கோவையில் அது பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்கும். குளிர்ந்த வெள்ளரி மேல் ஊற்றினால் மெழுகுத் துகளாக ஒட்டிக்கொள்ளும், வாயில் கரையவும் நேரமாகும். தவிர, இந்தக் கடையில் கொப்பரையைக் கொஞ்சம் அதிகம் காய வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன், லேசான புகை வாடை இருக்கிறது.

எண்ணெய் நல்லதாகக் கிடைத்துவிட்டால் டிரெஸ்ஸிங் ஐந்து நிமிட வேலை. நாலு பேர் வீட்டுக்கு: நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தேன் அல்லது நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, அப்போதுதான் பொடித்த மிளகு. பிரெஞ்சுக்காரர்கள் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பார்கள். நம் நாக்குக்கு அது மந்தமாக இருக்கிறது. நல்லெண்ணெயே நாக்கில் கனமாக இருக்கிறபடியால் இரண்டுக்கு ஒன்று என்று புளிப்பைக் கூட்டினால்தான் எடுப்பாக இருக்கும்.

போடும் வரிசை முக்கியம். உப்பு எண்ணெயில் கரையாது. எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் சர்க்கரையையும் போட்டு முழுக்கக் கரைத்த பிறகுதான் கடுகு விழுது, அதன் பிறகுதான் எண்ணெய். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கினால் உப்பு அடியில் தங்கி, கடைசியில் சாப்பிடுகிறவருக்கு மட்டும் கரிக்கும். ஜாம் காலியான கண்ணாடி பாட்டில் இருந்தால் போதும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பாட்டில் பாதிதான் நிரம்பியிருக்க வேண்டும். அரை நிமிடம் வேகமாகக் குலுக்கினால் பாலாடை நிறத்தில் கெட்டியாக வரும்.

அந்தக் கெட்டிக்குக் காரணம் கடுகு. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் தானாகச் சேராது. குலுக்கும்போது எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடையும், கையை நிறுத்தியதும் துளிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மேலே மிதக்கும். கடுகின் தோலில் உள்ள வழுவழுப்பான பசை, அந்தத் துளிகள் ஒட்டாமல் தள்ளி நிற்க உதவுகிறது. வீட்டில் உடனே சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் காலை ஒன்பது மணிக்கு மூடிப்போட்ட சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவதை அவர்கள் ஒரு மணிக்குத் திறக்கிறார்கள். கடுகு இல்லாவிட்டால் மேலே எண்ணெயும் கீழே புளித்தண்ணீரும்தான் இருக்கும். கடுகு இருந்தால் திறக்கும்போதும் பெரும்பாலும் கலந்தே இருக்கிறது, லேசாகப் பிரிந்திருந்தாலும் கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் சேர்ந்துவிடும்.

கடையில் கிடைக்கும் டிஜான் கடுகு விழுது நல்ல பொருள்தான். விலைதான் கூடுதல். டிஜான் என்ற பிரெஞ்சு ஊரின் பெயரில் விற்றாலும் அதற்கான கடுகில் பெரும்பகுதி கனடாவில் விளைகிறது. 2021-ல் கனடாவில் கடும் வறட்சி வந்து விளைச்சல் விழுந்ததும், 2022-ல் பிரான்சிலேயே கடைகளில் கடுகு விழுது இல்லாமல் அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அந்தப் பழுப்புக் கடுகின் செடி இனமே நம் நாட்டிலும் ஏராளமாக விளைகிறது. ஆகவே நானே அரைக்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி கடுகை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் பச்சைத் தண்ணீர் தெளித்து மிக்ஸியில் விழுதாக அரைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றவே கூடாது. கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை, விதை நசுங்கித் தண்ணீர் சேரும்போது ஒரு நொதி வேலை செய்துதான் அது உண்டாகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும், காரமே வராது, கசப்பு மட்டும் மிஞ்சும். அரைத்துப் பத்து நிமிடம் விட்டால் மூக்கில் ஏறும். அப்போது உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் சேர்த்தால் காரம் அங்கேயே நிலைத்து நிற்கும். அன்றைக்கே சாப்பிட்டால் கசக்கும். இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருந்த பிறகு கசப்பு அடங்கிவிடும். தயிர்ப்பச்சடிக்குப் பச்சைக் கடுகு அரைத்து விடுகிற வீட்டுக்காரர்களுக்கு இந்த ருசி புதிதில்லை.

எலுமிச்சை வாங்கும்போது தோல் மெல்லிசாக, பளபளப்பாக, கையில் கனமாக இருப்பதைப் பாருங்கள். புளியங்குடிப் பக்கத்துப் பழம் வந்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன், சாறு அதிகம். நடுத்தரப் பழம் ஒன்றில் ஒன்றரையிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி வரும். கோடையில் விலை ஏறும்போது வினிகருக்குப் போக வேண்டியிருக்கும். வினிகர் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்ததாக இருந்தால் 'சிந்தெடிக்' என்று போட்டிருக்க வேண்டும். ஊறுகாய்க்கு, மீன் கழுவ அது போதும். டிரெஸ்ஸிங்கில் புளிப்பு வெறும் ஊசியாகக் குத்தும். புளிக்கவைத்துத் தயாரித்த வினிகர்தான் நல்லது. தென்னங்கள்ளில் செய்த வினிகர் கேரளத்திலும் இலங்கையிலும் கிடைக்கும். உறவினர் யாராவது அங்கிருந்து வந்தால் ஒரு பாட்டில் சொல்லி அனுப்புங்கள், நல்லெண்ணெய்க்கு அது அருமையான ஜோடி.

பூண்டு பற்றி ஒரு எச்சரிக்கை. டிரெஸ்ஸிங்கில் ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டால் ருசிதான். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைத்து நாள்கணக்காகப் பயன்படுத்தாதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்கு அடியில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பிருக்கிறது. வாசம், நிறம் எதிலும் தெரியாது. பூண்டு போட்டால் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். எள், வேர்க்கடலை, கடுகு மூன்றும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அதனால் புது வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான் டப்பா அனுப்புவேன். வீட்டுக்கு விருந்தினர் வந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

காய்கறியில் ஈரம் இருந்தால் எந்த எண்ணெயும் ஒட்டாது. கழுவியதும் பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி எடுங்கள். ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் லெட்யூஸ் இலைக்கு இது ரொம்ப முக்கியம், மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காய் வாங்குகிறேன், வாடாத வெள்ளரி அங்கே காலை ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் கிடைக்கும். இலையும் வெள்ளரியும் டிரெஸ்ஸிங் பட்ட பத்து நிமிடத்தில் துவள ஆரம்பிக்கும், ஆகவே சாப்பிடும்போதுதான் ஊற்ற வேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் வேறு ரகம். அரை மணி ஊறினால்தான் அவற்றுக்கு ருசியே வருகிறது.

இதில் எண்ணெயே வேண்டாம், எலுமிச்சை மட்டும் பிழிந்து கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம் நான் கொஞ்சம் வாதாடுவேன். கேரட், தக்காளி, கீரையில் உள்ள கரோட்டினாய்டு சத்துகள் கொழுப்பில் கரைகிறவை. 2004-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே மாதிரி சாலட்டைக் கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடும், கொஞ்சம் எண்ணெயோடும், நிறைய எண்ணெயோடும் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். எண்ணெய் இல்லாத சாலட்டில் அந்தச் சத்து ரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. எண்ணெய் கூடக் கூடச் சத்தும் கூடுதலாக ஏறியது. சிறிய ஆய்வுதான், சாப்பிட்டவர்கள் ஏழே பேர். ஆனாலும் கேரட்டைத் துருவி, கழுவி, ஒற்றி எடுத்து, அதன் நல்லது உடம்பில் சேராமலே போவது எனக்குப் பொறுக்கவில்லை. எடை குறைக்கிறவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி டிரெஸ்ஸிங்காகக் குறைத்துக் கொடுக்கிறேன். முழுக்க நிறுத்துவதில்லை.

நம் கோசுமல்லியும் இதே ஊர்க்காரன்தான். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய்த் துருவல், எலுமிச்சை, மேலே கடுகு தாளிப்பு. அதில் தாளிப்புக்குப் பதில் இந்த டிரெஸ்ஸிங்கை ஊற்றி ஒரு நாள் அனுப்பிப் பார்த்தேன். அன்று டப்பாக்கள் துடைத்த மாதிரி வந்தன. இப்போது வியாழக்கிழமை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது.

கடையில் குறை இல்லாமல் இல்லை. எண்ணெய் முழுக்க பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வருகிறது. வெளிச்சம் படாத கண்ணாடி பாட்டிலில் கொடுத்தால் இன்னும் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறேன். உடைந்தால் நஷ்டம் என்று தம்பி தயங்குகிறார். வாங்கி வந்ததும் நானே கறுத்த கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, அடுப்புக்குத் தள்ளி அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது இரண்டாவது. எள் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து ஒரு தடவை கசப்பு தூக்கலாக இருக்கும், ஒரு தடவை சாதுவாக இருக்கும். கசப்பு கூடினால் தேனை அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். வண்டி நிறுத்த இடமும் இல்லை. கார் என்றால் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

போகிறவர்கள் முதலில் அரை லிட்டர் நல்லெண்ணெய் மட்டும் வாங்குங்கள். ஆட்டிய தேதியைப் பார்த்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் உள்ளதாக எடுங்கள். வாங்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு கேட்டால் தம்பி முகம் சுளிக்காமல் ஊற்றுவார். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும். ஞாயிறு அரை நாள். செக்கு ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் காலையில் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.